மார்வெல் சாம்பியன்ஸ் டிஃபென்ஸ் விதிகள்: பேக்ஃப்ளிப் போட்டால் தடுத்ததாகக் கணக்கா, இல்லையா?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்வெல் சாம்பியன்ஸ் என்பது ஆட்டக்காரர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து, கார்டுகளே இயக்கும் வில்லனை எதிர்க்கும் கார்டு விளையாட்டு. அந்த ஆட்டத்தில் இரண்டு பேர். ஒருவர் புரொடெக்ஷன் (தடுப்பு வகை) கார்டுகளோடு ஸ்பைடர்-மேன், மற்றவர் ஷீ-ஹல்க். எதிரில் வில்லன் ரைனோ, அவனுடைய இரண்டாம் நிலை. ரைனோ ஸ்பைடர்-மேனைத் தாக்கும்போது ஹீரோ கார்டைப் படுக்கவைக்காமல், அதாவது எக்ஸாஸ்ட் செய்யாமல், கையிலிருந்த பேக்ஃப்ளிப் என்ற கார்டைப் போட்டிருக்கிறார்கள். அங்கே ஆரம்பித்த வாக்குவாதம் நீண்டுகொண்டே போயிருக்கிறது. பேக்ஃப்ளிப் போட்டால் ஹீரோவையும் படுக்கவைக்க வேண்டுமா? இது தடுத்த அடியா, தடுக்காத அடியா? அதற்குப் பிறகு திருப்பி அடிக்கும் கவுண்டர்-பஞ்ச் கார்டைப் போடலாமா? ஷீ-ஹல்க் குறுக்கே வந்து அடியை வாங்கிக்கொண்டால் ஸ்பைடர்-மேன் தன் பேக்ஃப்ளிப்பை அவளுக்காகப் போட முடியுமா? ஒரு முறை வரும் டேமேஜைத் தடுக்கும் டஃப் கார்டு எப்போது கழியும்? ஸ்டன் ஆன, அதாவது அடிக்க முடியாமல் திணறும் ஹீரோ தடுக்கலாமா?

எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது. குழப்பம் எங்கே வருகிறது என்றால், நான்கு தனித்தனி விஷயங்களை நாம் "டிஃபென்ஸ்" என்று ஒரே பெயரில் சேர்த்துப் பேசிவிடுகிறோம். ஹீரோவை எக்ஸாஸ்ட் செய்வது ஒன்று. ஒரு அடிக்கு டிஃபெண்டராக ஆவது இன்னொன்று. கார்டில் அச்சிட்ட டிஃபென்ஸ் எண்ணை அடியிலிருந்து கழிப்பது மூன்றாவது. கடைசியில் உடம்பில் டேமேஜ் விழுந்ததா இல்லையா என்பது நான்காவது. பெரும்பாலான சமயம் நான்கும் சேர்ந்தே வருவதால் ஒன்று போலத் தெரியும். ஒவ்வொரு கார்டும் இந்த நான்கில் எதைக் கேட்கிறது என்று பார்த்தால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் ஒரு அடி எந்த வரிசையில் நடக்கிறது என்று பார்ப்போம். வில்லன் தாக்க ஆரம்பித்ததும் அவனுக்கு ஒரு பூஸ்ட் கார்டு கவிழ்த்து வைக்கப்படும். அதன் பிறகு யார் தடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். முடிவு ஆன பிறகுதான் பூஸ்ட் கார்டைத் திருப்புவீர்கள். அதில் எத்தனை பூஸ்ட் குறி இருக்கிறதோ அத்தனையும் அந்த ஒரு அடிக்கு மட்டும் வில்லனின் அட்டாக் எண்ணோடு கூடும். நட்சத்திரக் குறி இருந்தால் அதற்குரிய வாசகம் அப்போதே நடக்கும். கடைசியாகத்தான் டேமேஜ். மினியன்களுக்கும், அதாவது வில்லனின் அடியாட்களுக்கும், இதே வரிசைதான், ஆனால் சாதாரண மினியனுக்குப் பூஸ்ட் கார்டு கிடையாது. கார்டில் அதற்கென்று தனிச்சொல் இருந்தால் மட்டுமே உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது, தடுப்பதா வேண்டாமா என்ற முடிவு பூஸ்ட் கார்டு கவிழ்ந்திருக்கும்போதே எடுக்கப்படுகிறது என்பது. திருப்பிப் பார்த்து "அடடா, மூன்று குறியா, அப்படியானால் நான் தடுக்கிறேன்" என்று சொல்ல முடியாது. வீட்டு ஆட்டங்களில் அதிகம் மீறப்படும் விதி இதுதான் என்பேன். தெரிந்து மீறுபவர்கள் குறைவு. அவசரத்தில் பூஸ்ட் கார்டை நேராகவே திருப்பி வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். ரைனோவோடு ஆடும்போது இதனால் பெரிய நஷ்டமில்லை, இரண்டாம் நிலையில் அவனுடைய அட்டாக் 3 என்று கண்ணுக்குத் தெரிகிறது. கிளா என்ற இன்னொரு வில்லனிடம் அப்படி இல்லை. முதல் நிலையில் அவனுடைய அட்டாக் எண் வெறும் 0. ஆனால் ஒவ்வொரு தாக்குதலுக்கும் கூடுதலாக ஒரு பூஸ்ட் கார்டு வாங்கிக்கொள்வான். இரண்டு கார்டும் கவிழ்ந்து கிடக்கும்போது வரப்போகும் அடி பூஜ்யமா ஐந்தா என்று ஊகித்துத்தான் தடுக்க வேண்டும். அந்த ஊகத்தை எடுத்துவிட்டால் கிளாவோடு ஆடுவதில் சுவாரஸ்யமே இல்லை.

சரி, யார் யார் தடுக்கலாம்? அடி வாங்கப்போகிறவர் தன் ஹீரோவையோ, தன்னிடம் உள்ள ஒரு ஆலியையோ (துணைக்கு நிற்கும் பாத்திரம்) எக்ஸாஸ்ட் செய்து தடுக்கலாம். அவர் வேண்டாம் என்றால் மற்ற ஆட்டக்காரர்களில் ஒருவர் வரலாம். ஒரு அடிக்கு ஒரே டிஃபெண்டர்தான். ஹீரோ பாதி, ஆலி பாதி என்று பங்கு போட முடியாது. ஹீரோ தடுத்தால் டிஃபென்ஸ் எண் கழியும். ஸ்பைடர்-மேனுக்கு 3, ஷீ-ஹல்க்குக்கும் பிளாக் பாந்தருக்கும் 2, கேப்டன் மார்வெலுக்கும் அயர்ன் மேனுக்கும் 1. ஆலிக்கு டிஃபென்ஸ் எண்ணே கிடையாது, வருவது முழுவதையும் அது வாங்க வேண்டும். ஆனால் ஆலி செத்துப்போனால் மிச்ச அடி உங்களிடம் வராது, காற்றில் போய்விடும். ஆலி அட்டாக் செய்யும்போதும் த்வார்ட் செய்யும்போதும் (வில்லனின் திட்டத்தைக் குலைக்கும்போதும்) எண்ணுக்குக் கீழே உள்ள குறிகளுக்கேற்பத் தனக்குத்தானே டேமேஜ் வாங்கும். தடுக்கும்போது அப்படி எதுவும் இல்லை. அதனால்தான் ஒரே உயிர்ப்புள்ளி மிச்சமிருக்கும் ஆலியை எல்லோரும் கடைசியாக ஒரு அடிக்குக் குறுக்கே நிறுத்துகிறார்கள். எப்படியும் அடுத்த வேலையில் போகப்போகிற ஆள், போகிற போக்கில் ஒரு அடியை வாங்கிக்கொண்டு போகட்டும்.

இப்போது பேக்ஃப்ளிப்புக்கு வருவோம். கார்டின் சாரம் இதுதான்: ஒரு தாக்குதலிலிருந்து நீங்கள் டேமேஜ் வாங்கப்போகும் நேரத்தில் இதைப் போட்டால் அந்த டேமேஜ் முழுவதும் தடுக்கப்படும். செலவு 0. வாசகத்துக்கு முன்னால் "டிஃபென்ஸ்" என்று ஒரு சின்ன முத்திரை அச்சிட்டிருக்கும். பதிலெல்லாம் அந்த முத்திரையில்தான் இருக்கிறது. அந்த முத்திரை உள்ள கார்டைப் போட்ட மாத்திரத்தில், வேறு யாரும் தடுத்துக்கொண்டிருக்கவில்லை என்றால், உங்கள் ஹீரோ அந்த அடிக்கு டிஃபெண்டர் ஆகிவிடுகிறார். படுக்கவைக்கத் தேவையில்லை. ஹீரோ ஏற்கெனவே எக்ஸாஸ்ட் ஆகிப் படுத்திருந்தாலும் போடலாம். ஆகவே முதல் கேள்விக்கு விடை: எக்ஸாஸ்ட் செய்ய வேண்டாம். இரண்டாவதற்கு: அது தடுத்த அடிதான்.

டிஃபென்ஸ் எண் 3 கழியுமா என்றால், கழியாது. அந்த எண் ஹீரோவைப் படுக்கவைத்துச் செய்யும் அடிப்படைத் தடுப்புக்கு மட்டும்தான். பேக்ஃப்ளிப் முழு டேமேஜையும் தடுத்துவிடுவதால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. ஆனால் டேமேஜில் ஒரு பகுதியை மட்டும் தடுக்கும் டிஃபென்ஸ் கார்டு உங்கள் கையில் இருந்தால், "நான்தானே டிஃபெண்டர், எனவே மேற்கொண்டு மூன்றும் கழித்துக்கொள்கிறேன்" என்று கணக்கு எழுதக் கூடாது. கழிக்க வேண்டுமானால் முன்பே ஹீரோவைப் படுக்கவைத்திருக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். முதலில் எக்ஸாஸ்ட் செய்து தடுப்பது, பூஸ்ட் கார்டைத் திருப்புவது, மீதி டேமேஜ் பெரிதாக இருந்தால் பேக்ஃப்ளிப் போடுவது. இப்படிச் செய்வதை வீண் என்று சிலர் சொல்வார்கள். நான் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். ரைனோவின் 3-க்கு பூஸ்ட் குறி ஏதும் வராவிட்டால் ஸ்பைடர்-மேனின் 3 அப்படியே ஈடுகட்டிவிடும், பேக்ஃப்ளிப் கையிலேயே தங்கும். டேமேஜே இல்லாத இடத்தில் அதைப் போடவும் முடியாது, ஏனென்றால் டேமேஜ் வாங்கப்போகும் நிலை இருந்தால்தான் அது போடக்கூடிய கார்டு. இரண்டு குறி வந்தால் அடி 5, கழிந்த பிறகு 2. அந்த இரண்டுக்காக ஒரு பேக்ஃப்ளிப்பைச் செலவழிப்பதா என்பது உங்கள் மிச்ச உயிரைப் பொறுத்தது. ஸ்பைடர்-மேனுக்கு மொத்தமே 10 தான்.

ஒரு நுணுக்கம். சில பூஸ்ட் கார்டுகளில் நட்சத்திரக் குறியோடு, "இந்த அடி தடுக்கப்படாததாக இருந்தால்" என்று ஆரம்பிக்கும் வாசகம் வரும். அது பூஸ்ட் கார்டைத் திருப்பும் நொடியில் பார்க்கப்படுவது. நீங்கள் எக்ஸாஸ்ட் செய்யாமல், பேக்ஃப்ளிப்பை நம்பி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் யாரும் தடுக்கவில்லை, ஆகவே அந்த வாசகம் நடந்தே தீரும். அதற்குப் பிறகு டேமேஜ் கட்டத்தில் பேக்ஃப்ளிப் போட்டதும் அடி தடுத்த அடியாக மாறும், ஆனால் நடந்தது நடந்ததுதான். முன்தேதி போட்டு அதை ரத்து செய்ய முடியாது. படுக்கவைத்துத் தடுப்பதற்கும் கார்டு போட்டுத் தடுப்பதற்கும் நடைமுறையில் உள்ள பெரிய வேறுபாடு இந்தக் காலவரிசைதான்.

அப்புறம் கவுண்டர்-பஞ்ச். "உங்கள் ஹீரோ தடுத்த பிறகு" போடும் கார்டு அது, ஹீரோவின் அட்டாக் எண்ணுக்குச் சமமான டேமேஜைத் தாக்கியவனுக்குத் திருப்பிக் கொடுக்கும். ஹீரோ படுத்தாரா நின்றாரா என்று அது கேட்கவில்லை, டேமேஜ் வாங்கினாரா என்றும் கேட்கவில்லை. தடுத்தாரா என்று மட்டும் கேட்கிறது. பேக்ஃப்ளிப் போட்டால் தடுத்ததாகக் கணக்கு. எனவே தாராளமாகப் போடலாம். இரண்டுக்கும் செலவு 0 என்பதால் கையில் இரண்டும் சேர்ந்து வந்தால் ஸ்பைடர்-மேன் நின்ற இடத்தில் நின்றபடியே முழு அடியையும் தவிர்த்து, ரைனோவுக்கு 2 டேமேஜ் கொடுத்துவிட்டு, அடுத்த அடிக்கும் தயாராக இருப்பார். இதை ஏமாற்று என்று எதிரில் இருந்தவர் சொன்னதாகக் கேள்வியில் இருக்கிறது. ஏமாற்றில்லை, ஸ்பைடர்-மேனுக்குப் புரொடெக்ஷன் பொருந்துவதே இதனால்தான்.

இதே அளவுகோலை இண்டாமிடபிள் மேல் வைத்துப் பாருங்கள். ஹீரோ தடுத்த பிறகு அந்த அப்கிரேடைக் கழித்துப்போட்டால் ஹீரோ மறுபடி ரெடி ஆவார். பேக்ஃப்ளிப்பால் மட்டும் தடுத்திருந்தால் ஹீரோ ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார், கழித்துப்போட்டு என்ன பயன்? அதை எக்ஸாஸ்ட் செய்து தடுத்த அடிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அன்ஃப்ளாப்பபிள் இன்னொரு வகை. தடுக்கவும் வேண்டும், டேமேஜும் வாங்கியிருக்கக் கூடாது, அப்போதுதான் கார்டு இழுக்கலாம். பேக்ஃப்ளிப் இரண்டு நிபந்தனையையும் பூர்த்தி செய்கிறது.

முத்திரை இல்லாத தடுப்புக் கார்டும் உண்டு, அதையும் பார்த்துவிட வேண்டும். கேப்டன் மார்வெலின் காஸ்மிக் ஃப்ளைட்டைக் கழித்துப்போட்டால் 3 டேமேஜ் குறையும். ஆனால் அதில் டிஃபென்ஸ் முத்திரை இல்லை. ஆகவே அதைப் பயன்படுத்தியதால் கேப்டன் மார்வெல் டிஃபெண்டர் ஆகிவிட மாட்டார். அடி தடுக்கப்படாத அடியாகவே இருக்கும், கவுண்டர்-பஞ்சும் போட முடியாது. டேமேஜைக் குறைக்கிறதே, அப்புறம் டிஃபென்ஸ் இல்லாமல் என்ன என்று தோன்றும். தோன்றட்டும், முத்திரைதான் பேசும். அதற்கு ஈடாக ஒரு லாபமும் உண்டு: அது தாக்குதலிலிருந்து வரும் டேமேஜுக்கு மட்டும் என்று கட்டுப்பட்டதல்ல. ஷாக்கர் என்ற மினியன் வெளிப்பட்டதும் ஒவ்வொரு ஹீரோவுக்கும் 1 டேமேஜ் கொடுப்பானே, அது தாக்குதல் இல்லை. அங்கே படுக்கவைத்துத் தடுக்கவும் முடியாது, பேக்ஃப்ளிப்பும் போட முடியாது. காஸ்மிக் ஃப்ளைட் போடலாம், டஃப் இருந்தால் அதுவும் வேலை செய்யும்.

அடுத்தது ஷீ-ஹல்க் குறுக்கே வரும் கதை. ஸ்பைடர்-மேனின் ஆட்டக்காரர் தடுக்கவில்லை என்று சொன்ன பிறகு, ஹீரோ வடிவத்தில் இருக்கும் ஷீ-ஹல்க் எக்ஸாஸ்ட் ஆகி அந்த அடியைத் தாங்கலாம். ஆல்டர்-ஈகோ (சாதாரண மனிதர்) வடிவில் ஜெனிஃபர் வால்டர்ஸாக இருந்தால் முடியாது. அந்தப் பக்கத்தில் டிஃபென்ஸ் எண்ணே இல்லை, உயிரை மீட்கும் ரெக்கவரி எண்தான் உண்டு. குறுக்கே வந்ததும் அந்த அடிக்கு இலக்கு ஷீ-ஹல்க்தான். அவளுடைய 2 தான் கழியும், ஸ்பைடர்-மேனின் 3 அல்ல. டேமேஜ் அவளுக்கு. "நீங்கள் டேமேஜ் வாங்கப்போகும்போது" என்ற பேக்ஃப்ளிப்பின் "நீங்கள்" இப்போது ஷீ-ஹல்க்கை ஆடுபவர். ஸ்பைடர்-மேன் தன் கையிலிருந்து அதைப் போட முடியாது, அவர் எதுவும் வாங்கப்போவதில்லையே.

திருப்பிப் போட்டால் நடக்கும். ரைனோ ஷீ-ஹல்க்கைத் தாக்குகிறான், ஸ்பைடர்-மேன் குறுக்கே வந்து எக்ஸாஸ்ட் ஆகித் தடுக்கிறார், மிச்ச டேமேஜ் அவருக்கு வரும்போது பேக்ஃப்ளிப் போடுகிறார். எல்லாம் சரி. ஆனால் எக்ஸாஸ்ட் செய்யாமல், பேக்ஃப்ளிப்பை மட்டும் காட்டி அடுத்தவர் அடிக்குள் நுழைய முடியாது. நுழைவதற்கு எக்ஸாஸ்ட்தான் வழி.

ஸ்பைடர்-மேனின் ஸ்பைடர்-சென்ஸ் திறனும் இங்கே அடிக்கடி தப்பாக ஆடப்படுகிறது. வில்லன் ஸ்பைடர்-மேனுக்கு எதிராகத் தாக்குதலை ஆரம்பிக்கும்போது ஒரு கார்டு இழுக்கலாம். ஆரம்பிக்கும்போது என்பதுதான் முக்கியம். அதற்குப் பிறகு ஸ்பைடர்-மேன் தடுத்தாலும் சரி, அவருடைய ஆலி பிளாக் கேட் தடுத்தாலும் சரி, ஷீ-ஹல்க் வந்து வாங்கிக்கொண்டாலும் சரி, கார்டு இழுத்தது இழுத்ததுதான். மாறாக, ஷீ-ஹல்க் மேல் ஆரம்பித்த அடிக்கு ஸ்பைடர்-மேன் குறுக்கே வந்தால் கார்டு கிடையாது. மினியன் அடித்தாலும் கிடையாது, வில்லன் மட்டும்தான். கூடவே ஒரு சின்ன குறிப்பு: இழுத்த கார்டு தடுப்பதைத் தீர்மானிக்கும் முன்பே கைக்கு வந்துவிடுகிறது. அதுவே பேக்ஃப்ளிப்பாக இருந்தால் அந்த அடிக்கே பயன்படுத்தலாம். எனவே தடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன் கார்டை இழுத்துவிடுங்கள்.

ஆலி செத்தாலும் மிச்ச அடியை ஹீரோவுக்குத் தள்ளும் ஓவர்கில் மட்டும்தான் ஆலிக்கு வில்லங்கம். ரைனோவின் சார்ஜ் கார்டு ஒட்டியிருந்தால் அவனுக்கு அட்டாக் 3 கூடும், ஓவர்கில்லும் வரும். இரண்டாம் நிலையில் 3, சார்ஜுக்கு 3, பூஸ்ட் 2 என்று வைத்தால் 8. பிளாக் கேட் 2 உயிர்ப்புள்ளியோடு குறுக்கே நின்றால் 2 அவளுக்கு, மீதி 6 அந்த ஆலியை வைத்திருப்பவரின் ஹீரோவுக்கு. டிஃபென்ஸ் எண் கழியாது, தடுத்தது ஆலிதானே. நண்பருக்கு வந்த அடியைத் தடுக்க உங்கள் ஆலியை அனுப்பியிருந்தால் அந்த 6 உங்கள் தலையில்தான் விழும், நண்பர் தலையில் அல்ல. சார்ஜ் ஒட்டியிருக்கும் அடிக்கு ஆலியை நிறுத்துவதைவிட ஸ்பைடர்-மேனே படுத்துத் தடுத்து 5 வாங்குவது மேல். பேக்ஃப்ளிப் இருந்தால் அதை வைத்திருந்ததே இந்த அடிக்காகத்தான்.

டஃப் எளிது, ஆனால் வரிசை முக்கியம். டிஃபென்ஸ் எண் முதலில் கழியும். கழித்த பிறகு பூஜ்யம் என்றால் டேமேஜே இல்லை, டஃப் கார்டு அப்படியே இருக்கும். ஒன்றாவது மிச்சம் இருந்தால், அது ஒன்றானாலும் ஒன்பதானாலும், டஃப் முழுவதையும் தடுத்துவிட்டுக் கழியும். இதனால் டஃப் வைத்திருக்கும் ஹீரோ சிறிய அடிக்குப் படுத்துத் தடுத்தால் டஃப்பைக் காப்பாற்றலாம், பெரிய அடிக்குப் படுக்காமலே டஃப்பைக் கொடுக்கலாம். எதிரிக்குப் பியர்சிங் இருந்தால் டேமேஜ் விழுவதற்கு முன்பே டஃப் கழிந்துவிடும். ரைனோவின் ஸ்டாம்பீட் போன்ற கார்டுகளிலும் இந்தக் கணக்கு உதவும். ஸ்டாம்பீடில் ரைனோ தாக்குவான், அந்தத் தாக்குதலில் யாருக்கு டேமேஜ் விழுகிறதோ அவருக்கு ஸ்டன். தடுத்தாரா என்பது அங்கே கேள்வியே இல்லை, டேமேஜ் விழுந்ததா என்பதுதான். தடுத்தும் 1 டேமேஜ் வாங்கினால் ஸ்டன். தடுக்காமல் டஃப்பால் தப்பித்தால் ஸ்டன் இல்லை. பிளாக் கேட் தடுத்தால் ஸ்டன் அவளுக்கு, அவள் உயிரோடு இருந்தால்.

ட்ரெச்சரி கார்டால், அதாவது எதிரித் தரப்பிலிருந்து வெளிப்பட்டு ஒருமுறை நடந்து முடியும் கார்டால், வரும் தாக்குதலும் முழுத் தாக்குதல்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்டாம்பீட், அசால்ட், கேங்-அப் எதுவானாலும் வில்லனுக்குப் பூஸ்ட் கார்டு உண்டு, உங்களுக்குத் தடுக்கும் வாய்ப்பும் உண்டு, ஸ்பைடர்-சென்ஸுக்குக் கார்டும் உண்டு. புரொடெக்ஷனின் கெட் பிஹைண்ட் மீ போட்டு ட்ரெச்சரியை ரத்து செய்து வில்லனின் தாக்குதலை உங்கள் மேல் இழுத்துக்கொண்டாலும் அப்படியே. கேங்-அப்பில் வில்லனும் உங்களோடு மோதும் மினியன் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தாக்கும். ஒவ்வொரு அடிக்கும் தனியாக டிஃபெண்டர் சொல்ல வேண்டும். வில்லனுக்குப் படுத்துவிட்ட ஹீரோ மினியனுக்கு மறுபடி படுக்க முடியாது, ஆலியோ கையில் உள்ள டிஃபென்ஸ் கார்டோதான் உதவும்.

இங்கே கேள்வியில் இல்லாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வேறு கார்டு விளையாட்டுகளிலிருந்து வருபவர்கள், "என் முறையில் ஹீரோவை வைத்து அடித்துவிட்டால் தடுக்க ஆள் இருக்காதே" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். இந்த ஆட்டத்தில் அப்படி இல்லை. ஆட்டக்காரர்களின் கட்டம் முடியும்போது எல்லோரும் வேண்டாத கார்டைக் கழித்து, கையை நிரப்பி, எல்லாவற்றையும் ரெடி செய்கிறோம். அதற்குப் பிறகுதான் வில்லன் கட்டம். ஆகவே உங்கள் முறையில் அடித்ததால் தடுப்பு போகாது. தடுத்தால்தான் அடுத்த முறையின் அடி போகும், ஏனென்றால் வில்லன் கட்டத்தில் படுத்த ஹீரோ உங்கள் அடுத்த முறை முழுக்கப் படுத்தே கிடப்பார். கையும் அப்படித்தான். வில்லன் கட்டத்தில் நீங்கள் போடும் பேக்ஃப்ளிப் அடுத்த முறைக்கு வைத்திருந்த கார்டுகளில் ஒன்று.

இதைப் புரிந்துகொண்டால் ஒவ்வொரு அடியையும் தடுக்கத் தோன்றாது. ரைனோவின் முதல் நிலையில் அட்டாக் 2 தான். ஷீ-ஹல்க்குக்கு உயிர் 15, ஜெனிஃபராக மாறினால் ரெக்கவரி 5. அவள் அந்த அடிகளைத் தடுக்காமல் வாங்கிக்கொண்டு தன் 3 அட்டாக்கைத் தவறாமல் பயன்படுத்துவதே கணக்குக்குச் சரி. தடுத்துத் தடுத்து உடம்பில் கீறல் இல்லாமல், மெயின் ஸ்கீமில் (வில்லனின் முக்கியத் திட்டம்) த்ரெட் புள்ளிகள் நிரம்பித் தோற்கும் ஆட்டங்கள் நிறைய உண்டு. இண்டாமிடபிளின் உண்மையான மதிப்பும் இங்கேதான் தெரியும். அது திருப்பித் தருவது அடுத்த முறையின் ஒரு செயலை.

தாக்கியவனுக்கு டேமேஜைத் திருப்பிக் கொடுக்கும் ரிடாலியேட் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். பிளாக் பாந்தருக்கு ரிடாலியேட் 1 ஹீரோ கார்டிலேயே உண்டு. கேப்டன் அமெரிக்காவுக்கு அவருடைய கேடயம் தரும், கூடவே டிஃபென்ஸில் 1. அது "தாக்கப்பட்ட பிறகு" நடப்பது. தடுத்தாலும் தடுக்காவிட்டாலும், டேமேஜ் விழுந்தாலும் விழாவிட்டாலும் நடக்கும். ஆலி தடுத்தால் தாக்கப்பட்டது ஆலி, ஆகவே பிளாக் பாந்தரின் ரிடாலியேட் வராது. எதிரியின் அடிக்கு ரேஞ்ச்ட் (தூரத்திலிருந்து அடிப்பது) இருந்தாலும் வராது.

கடைசியாக ஸ்டன். ஸ்டன் ஆன ஹீரோ தடுக்க முடியாது என்று உங்கள் மேஜையில் முடிவு செய்திருக்கிறீர்கள், அது தவறு. ஸ்டன் அட்டாக்கை மட்டும்தான் மறிக்கும், கன்ஃப்யூஸ் த்வார்ட்டை மட்டும். தடுப்பதற்கு இரண்டும் குறுக்கே வராது. ஆனால் கவுண்டர்-பஞ்சில் அட்டாக் முத்திரை இருக்கிறது. ஸ்டன் ஆன ஸ்பைடர்-மேன் தடுத்துவிட்டுக் கவுண்டர்-பஞ்ச் போட்டால் ரைனோவுக்கு டேமேஜ் போகாது, அதற்குப் பதில் ஸ்டன் கார்டு கழியும். செலவே இல்லாத ஒரு கார்டில் ஸ்டனைத் தொலைத்துவிட்டு அடுத்த முறையைச் சுத்தமாக ஆரம்பிக்கலாம் என்பதால், ஸ்டாம்பீடில் அடி வாங்கிய அதே நேரத்தில் கவுண்டர்-பஞ்ச் கையில் இருந்தால் அடுத்து நீங்கள் தடுக்கும் அடி வரை அதை வைத்திருங்கள்.